திருவக்கரைச் செம்மண்ணில் வேல்: தோற்றமும் வாழிடமும்

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், சங்கராபரணி ஆற்றை ஒட்டி இருக்கும் ஊர் திருவக்கரை. பௌர்ணமிதோறும் வக்கிரகாளியம்மன் கோயிலுக்குக் கூட்டம் வரும். ஊரை ஒட்டிய செம்மண் மேட்டில் கல்லாகிப்போன மரங்களைப் பார்க்க மாணவர்கள் வருவார்கள். அதே மேட்டிலும், சுற்றியுள்ள கரம்பிலும், ஏரி உள்வாயிலும் உயிரோடு நிற்கும் வேல மரங்களையும் முட்புதர்களையும் பற்றி யாரும் நிதானமாகப் பேசுவதில்லை. பேசினாலும் ‘முள்ளை அழிக்க வேண்டும்’ என்ற ஒரே வரியில் பேச்சு முடிந்துவிடுகிறது.

எந்த முள் என்பதுதான் கேள்வி. திண்டிவனத்துக்கும் புதுச்சேரிக்கும் இடைப்பட்ட இந்த நிலத்தில் வேல் இனத்தைச் சேர்ந்தவையும் அதன் உறவுகளுமாகப் பல செடிகள் உண்டு. சில இந்த மண்ணுக்கே உரியவை. சில நூற்றைம்பது ஆண்டுக்குள் கப்பலேறி வந்தவை. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும்: இறகு இறகாகப் பிரிந்த இலை, முள், நெற்று. இவற்றைப் பிரித்தறிவது எப்படி, எது எந்த நிலத்தில் வளர்கிறது, ஏன் அங்கே வளர்கிறது, இனி நாம் என்ன செய்ய வேண்டும் ஆகிய கேள்விகளை இக்கட்டுரை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வேலின் தோற்றத்தை அது நிற்கும் நிலத்தோடு சேர்த்துப் படித்தால்தான் அதை அறிந்ததாகும். நிலத்தை விட்டுவிட்டுச் செடியை மட்டும் பார்த்ததால், வெட்டக் கூடாததை வெட்டியும் நடக் கூடாததை நட்டும் வந்திருக்கிறோம்.

கல் சொல்வதும் சொல்லாததும்

திருவக்கரைக் கல்மரங்கள் கடலூர் மணற்கல் எனப்படும் பாறை அடுக்கில் கிடக்கின்றன. வயது ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகள் என்று கணிக்கப்படுகிறது. பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னரா 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவற்றைப் பற்றி எழுதினார். இன்று இந்திய நிலவியல் ஆய்வுத் துறை இவ்விடத்தைத் தேசியக் கல்மரப் பூங்காவாகப் பராமரிக்கிறது. மரத்தின் திசுக்களில் சிலிக்கா கலந்த நீர் ஊறி, அறை அறையாக அவற்றை நிரப்பிக் கல்லாக்கியிருக்கிறது. அதனால் மரத்தின் உள்ளமைப்பு அழியாமல் நின்றுவிட்டது. கல்லை மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் நீர்க்குழாய்கள், அவற்றைச் சூழ்ந்த மென்திசு, குறுக்கே ஓடும் கதிர்த்திசு எல்லாம் தெரியும். இவற்றின் வடிவத்தையும் அடுக்கையும் வைத்தே மரத்தின் குடும்பத்தை அறிகிறார்கள்.

1954இல் தொல்தாவரவியலாளர் சி.ஜி.கே. ராமானுஜம், அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தின் இந்தப் பாறைத் தொகுதியிலிருந்து இரண்டு புதிய கல்மர இனங்களை விவரித்தார். ஒன்றுக்கு அக்கேசியாக்சிலான் இண்டிகம் என்று பெயரிட்டார். அது வேல் மரத்தின் கட்டமைப்பை ஒத்தது. மற்றொன்று டிப்டெரோகார்ப் குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்தின் மரங்கள் இன்று பெரும்பாலும் மழை கொட்டும் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் தென்கிழக்காசியாவிலும் வளர்கின்றன. வெயில் கேட்கும் வேலும் ஈரம் கேட்கும் மரமும் ஒரே பாறைத் தொகுதியில் எப்படிச் சேர்ந்தன?

விடையின் ஒரு பகுதி கல்மரங்களின் உடலிலேயே இருக்கிறது. திருவக்கரையில் கிடக்கும் அடிமரங்களுக்குக் கிளையில்லை, வேரில்லை, இலைத்தடம் இல்லை. வேறெங்கோ வளர்ந்து, வெள்ளத்தில் உருண்டு, மணலில் புதைந்தவை அவை. ஆகவே வேல் இனத்தை ஒத்த மரம் இந்நிலப்பகுதியின் மிகப் பழைய காடுகளில் இருந்தது என்பதைக் கல் உறுதியாகச் சொல்கிறது. அது எந்தச் சரிவில், எந்த மண்ணில், எதன் பக்கத்தில் நின்றது என்பதைக் கல் சொல்லவில்லை. இன்றைய வேலுக்கு அதுவே நேர் மூதாதை என்றும் இதைக் கொண்டு சொல்லிவிட முடியாது. தோற்றம் மட்டும் கையில் இருந்தால் அறிவு எவ்வளவு தூரம் போகும், எங்கே நின்றுவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

எழுதப்பட்டவை

சோழமண்டலக் கரையின் தாவரங்களைப் பற்றி வில்லியம் ராக்ஸ்பரோ 1795 முதல் வெளியிட்ட பெரிய படநூலிலேயே வெள்வேல் இடம்பெற்றுவிட்டது. 19ஆம் நூற்றாண்டில் ராபர்ட் வைட்டும் வாக்கர்-ஆர்னாட்டும் தென்னிந்தியச் செடிகளை வகைப்படுத்தியபோது குடைவேலை விவரித்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜே.எஸ். கேம்பிள் தொடங்கிய மதராஸ் மாகாணத் தாவரநூல் இனங்களைப் பிரித்தறியும் திறவுகோலைத் தந்தது. திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் உலர்தாவரகத்தை நிறுவிய கே.எம். மேத்யூ 1980களில் வெளியிட்ட தமிழகக் கர்நாடகப் பகுதித் தாவரநூல்தான் இன்றும் களத்துக்குப் போகிறவர்களின் முதல் துணை.

வாழிடம் பற்றிய படிப்பு வேறொரு திசையிலிருந்து வந்தது. 1955இல் தொடங்கப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தென்னிந்தியத் தாவரப் பரவலை வரைபடமாக்கியது. அதன் அறிஞர்களான பிளாஸ்கோவும் லெக்ரியும் 1973இல் கோடிக்கரை, மரக்காணம் ஆகிய இடங்களின் வறண்ட பசுமைமாறாக் காடுகளைப் பற்றி எழுதினார்கள். மரக்காணம் திண்டிவனத்துக்குக் கிழக்கே இருக்கும் கடற்கரை ஊர். ஆக, நாம் பேசும் நிலம் அறிவியலுக்குப் புதிதல்ல. செடியை விவரித்த நூல்களும் நிலத்தை விவரித்த நூல்களும் தனித்தனி அலமாரியில் இருந்துவிட்டன. ஊர்க்காரர்களின் அறிவோ எந்த அலமாரிக்கும் வரவில்லை.

பெயர் மாற்றம் ஒன்றையும் வாசகர் தெரிந்துகொள்வது நல்லது. நம் வேல்களைப் பழைய நூல்கள் அக்கேசியா என்ற பேரினத்தில் வைத்தன. 2005இல் வியன்னாவிலும் 2011இல் மெல்போர்னிலும் கூடிய பன்னாட்டுத் தாவரவியல் மாநாடுகளின் முடிவுப்படி அப்பெயர் ஆஸ்திரேலிய இனங்களுக்குப் போய்விட்டது. நம் கருவேலமும் வெள்வேலும் இப்போது வேச்செல்லியா. இண்டும் சீகையும் செங்கருங்காலியும் செனகாலியா. புதிய நூலில் பழைய பெயரைத் தேடிக் காணாமல் திகைக்க வேண்டியதில்லை.

வெள்வேல்: மேட்டு நிலத்தின் மரம்

திருவக்கரை மேட்டுச் செம்மண்ணுக்கு உரிய வேல் எது என்று கேட்டால் வெள்வேல் என்பேன். வளர்ந்தால் பத்துப் பன்னிரண்டு மீட்டர் உயரும் மரம் இது. ஆனால் மேய்க்கால் புறம்போக்கில் நாம் பார்ப்பது பெரும்பாலும் இடுப்பளவுப் புதர்தான். ஆடு நுனிக்குருத்தைக் கடித்துவிட்டால் கீழ்க்கணுவிலிருந்து இரண்டு மூன்று கிளை வெடிக்கும். அவற்றையும் கடித்தால் இன்னும் பல கிளைக்கும். இப்படி ஆண்டுக்கணக்கில் கடிபட்டு, முள்ளும் சிம்புமாக நெருங்கி அகன்ற புதர் ஆகிவிடுகிறது. புதர் போதுமான அளவு அகன்ற பிறகு ஆட்டின் வாய் அதன் நடுப்பகுதியை எட்டாது. அந்த நடுவிலிருந்து ஒரு குருத்து மேலெழுந்து, ஆட்டுக்கு எட்டாத உயரம் போனதும் மரமாகிவிடும். ஒரே செடி ஓரிடத்தில் புதர், வேறிடத்தில் மரம். அதன் உருவத்தில் பாதியைத் தீர்மானிப்பது அந்த நிலத்தின் மேய்ச்சல்.

அடையாளம் காண ஒரு கிளையைக் கையிலெடுத்துப் பார்க்கலாம். இளங்கிளையின் பட்டை வெளிர் மஞ்சள் கலந்த வெள்ளை, வழுவழுப்பாக இருக்கும். முதிர்ந்த அடிமரத்தில் பட்டை கருத்துத் தகடு தகடாக உரியும். ஒவ்வோர் இலைக்காம்பின் அடியிலும் இரண்டு முட்கள், நேராக, எதிரெதிர் திசையில் நீட்டிக்கொண்டிருக்கும். இலைக்காம்பின் மேல்பக்கத்தைக் கூர்ந்து பார்த்தால் சிறு கிண்ணம்போல ஒரு சுரப்பி தெரியும். அதில் கசியும் இனிப்புக்கு எறும்பு வரும். ஆவணி, புரட்டாசியை ஒட்டிப் பூக்கத் தொடங்கும். பூ சிறு உருண்டை. வெளிர் மஞ்சள் அல்லது பால் நிறம். இந்த உருண்டைகள் இலைக்கக்கத்தில் ஒன்றிரண்டாக நிற்காமல் கிளை நுனியில் பெரிய கிளைத்த கொத்தாகத் திரண்டு நிற்கும். தொலைவிலிருந்தே வெள்வேலைக் காட்டிக்கொடுப்பது இந்தக் கொத்துதான். நெற்று தட்டையாக, மெல்லியதாக, சற்றே வளைந்து, பழுப்பு நிறப் பூமயிரோடு இருக்கும்.

இந்தப் பட்டைக்கு ஒரு வரலாறும் உண்டு. பனஞ்சாறு, வெல்லம் முதலியவற்றைக் காய்ச்சிச் சாராயம் வடித்த காலத்தில் ஊறலில் போட்டது வெள்வேலம் பட்டையைத்தான். பட்டையில் உள்ள துவர்ப்பு ஊறலில் இருக்கும் புரதத்தைப் படியச்செய்துவிடும்.

வாழிடத்தில் வெள்வேல் கேட்பது மூன்று: வெயில், நீர் தேங்காத மண், இடைவெளி. மண் மெலிந்திருந்தாலும் கல் கலந்திருந்தாலும் கவலையில்லை. வேர்முடிச்சிலுள்ள பாக்டீரியா காற்றின் நைட்ரசனைப் பிடித்துக்கொடுப்பதால், மெலிந்த செம்மண்ணில்கூட அது தன் தேவையைப் பார்த்துக்கொள்ளும். இதன் இலை சிறிது, நிழலும் லேசானது. அதனால் அடியில் புல் வளரும். கொங்குப் பகுதியில் கொரங்காடு எனப்படும் வேலியடைத்த மேய்ச்சல் நிலங்களில் கொழுக்கட்டைப் புல்லுக்கு மேலே வெள்வேலை விட்டுவைப்பது இதனால்தான். வறட்சியில் புல் காயும்போது அதன் நெற்று ஆட்டுக்குத் தீனியாகிறது. ஆட்டின் வயிற்றில் போன விதையில் ஒரு பகுதி சேதமின்றி வெளியே வந்து முளைக்கிறது. மேய்ச்சல் மரத்தைப் புதராக்குகிறது. அதே மேய்ச்சல் அதன் விதையை ஊர் ஊராகக் கொண்டும் போகிறது.

கருவேலம்: நீர் தேங்கும் நிலத்தின் மரம்

மேட்டிலிருந்து ஏரிக்குள் இறங்கினால் வேல் மாறிவிடும். அங்கே நிற்பது கருவேலம். பட்டை கருமை, நீளவாக்கில் ஆழமாக வெடித்திருக்கும். இளம் செடியில் வெண்முட்கள் நீளமாக இருக்கும். முதிர முதிரக் குறையும். பூ கண்ணைப் பறிக்கும் மஞ்சள் உருண்டை, மணமுள்ளது, இலைக்கக்கத்தில் சிறு கொத்தாக வரும். நெற்றைப் பார்த்துவிட்டால் வேறு சந்தேகமே வேண்டாம். ஒவ்வொரு விதைக்கும் இடையில் இறுகிச் சுருங்கி, மணி கோத்த மாலைபோலச் சாம்பல் நிறத்தில் தொங்கும்.

ஏரி உள்வாயின் களிமண் ஐப்பசி, கார்த்திகையில் நீருக்குள் மூழ்கும். சித்திரையில் பாளம் பாளமாக வெடிக்கும். ஓராண்டுக்குள் இந்த இரண்டையும் தாங்கும் மரங்கள் அதிகமில்லை. கருவேலம் தாங்கும். ஓரளவு உவரையும் தாங்கும். அதனால்தான் வனத்துறை ஏரிகளில் சமூகக் காடு வளர்த்தபோது கருவேலத்தைத் தேர்ந்தது. 1981இல் சுவீடன் நாட்டு உதவியோடு தொடங்கிய சமூகக் காடுகள் திட்டம் இதை மாநிலம் முழுதும் விரித்தது. ஏரி மரத்தை ஏலம் விட்டு ஊராட்சிக்குப் பங்கு கொடுக்கும் வழக்கமும் ஊருக்குத் தெரிந்ததே.

கலப்பைக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் இதன் கட்டை. தோல் பதனிடப் பட்டை. பசைக்கும் மருந்துக்கும் பிசின். பல் துலக்கக் குச்சி. வேடந்தாங்கல் ஏரியில் நீர்க்கடம்போடு கருவேலமும் பறவைகளுக்குக் கூடுகட்டும் இடம் தருகிறது. நீருக்கு மேல் நீளும் முட்கிளை பாம்புக்கும் கீரிக்கும் எட்டாத இடம் என்பதால் தூக்கணாங்குருவியும் அதைத் தேடிவரும். விழுப்புரம் மாவட்டத்தில் மரக்காணத்தை ஒட்டிய கழுவெளி 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அந்தச் சதுப்பைக் காப்பது என்றால், அதற்கு நீர் அனுப்பும் ஏரிகளையும் அவற்றில் நிற்கும் கருவேலங்களையும் சேர்த்தே காக்க வேண்டும்.

விடத்தலை, இண்டு, கருங்காலி

புதராகவே பிறந்து புதராகவே வாழும் உறவும் உண்டு. விடத்தலை, விடத்தேரை என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும் அந்தச் செடி வேல் பேரினத்தைச் சேர்ந்தது அல்ல. அதற்கு நெருங்கிய உறவு. இதன் பூ தமிழ்நாட்டுக் காட்டுப்பூக்களில் மிக அழகானவற்றுள் ஒன்று. தலைகீழாகத் தொங்கும் கதிரின் மேற்பாதி இளஞ்சிவப்பு, கீழ்ப்பாதி மஞ்சள். மேற்பாதிப் பூக்கள் மலடு. நிறத்தால் பூச்சியை அழைப்பதே அவற்றின் வேலை. கீழ்ப்பாதிதான் காய்க்கும். நெற்றுகள் முறுக்கிச் சுருண்டு கொத்தாக நிற்கும். வெள்வேலுக்கு முள் இலையடியில் இருந்து வருகிறது. விடத்தலைக்கோ குட்டைக் கிளையின் நுனியே கூர்ந்து முள்ளாகிறது. சில முட்களில் இலை துளிர்த்திருப்பதைக் கண்டால் இது விளங்கும். பாறைக்கரம்பு, செம்மண் மேடு, வேலியோரம் எல்லாம் இதன் இடம். வெட்டினால் வேரிலிருந்து கன்று விடும்.

இண்டு கொடியாகப் படரும் வேல். தண்டு முழுதும் கீழ்நோக்கி வளைந்த சிறு கொக்கிமுட்கள் சிதறி இருக்கும். அவற்றால் பக்கத்து மரத்தைப் பற்றி ஏறும். பால்நிற உருண்டைப் பூக்கள் கொத்தாக வரும். கோயில் காடுகளின் ஓரங்களிலும் பழைய உயிர்வேலிகளிலும் இண்டு இருந்தால் உள்ளே ஆள் நுழைய முடியாது. செங்கருங்காலி செஞ்சிப் பக்கத்துக் குன்றுகள் போன்ற வறண்ட பாறைச் சரிவுகளின் மரம். வளைந்த இணைமுள்ளும் நீண்ட கதிர்ப்பூவும் அதன் அடையாளம். தெற்கே இராமநாதபுரம், தூத்துக்குடி, திருநெல்வேலிச் சீமையில் குடை விரித்தாற்போல நிற்கும் குடைவேலை, அதாவது உடை மரத்தை, இங்கே தேட வேண்டாம். தென்கோடி வறள்நிலமும் இலங்கையும்தான் அதன் வீடு. ஒரே இனக்கூட்டத்தில் ஒவ்வொன்றும் தன் நிலத்தைப் பிரித்துக்கொண்டிருக்கிறது.

வந்து சேர்ந்தவை

கஸ்தூரிவேல் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தது. பொன்மஞ்சள் பூவும் தடித்த உருளை நெற்றும் கொண்ட சிறு புதர். பிரான்சின் கிராஸ் நகரத்து வாசனைத் தொழிலுக்குப் பயன்பட்ட பூ இது. பலர் இதை நாட்டுவேல் என்றே எண்ணுகிறார்கள். இங்கே வந்து நெடுங்காலமாகியும் இது பெரிய தொல்லை தந்ததில்லை.

வேலிக்காத்தானின் கதை வேறு. சீமைக் கருவேலம் என்று பிற மாவட்டங்கள் சொல்லும் இச்செடியை 1870களில் மதராஸ் மாகாண வனத்துறை கடப்பைப் பகுதிக்கு விறகுக்காகத் தருவித்தது. பெயரில் வேல் இருந்தாலும் உறவில் இது வன்னியின் பக்கம். அடையாளம் எளிது: பூ உருண்டையாக இராது, விரல்நீளக் கதிராகத் தொங்கும். இலையில் பிரிவுகள் ஓரிரு இணைதான். நெற்று நேராக, மஞ்சளாக, இனிப்பாக இருக்கும். மாடு தின்று சாணியில் விதைத்துவிடும். உலகின் மோசமான ஊடுருவும் உயிரினங்கள் நூறின் பட்டியலில் இதே பேரினத்தைச் சேர்ந்த இதன் நெருங்கிய உறவுக்கு இடம் உண்டு. காற்றின் ஈரத்தை இது உறிஞ்சிவிடுகிறது என்று பரவியிருக்கும் பேச்சுக்கு ஆதாரம் கிடையாது. ஆழவேர் விட்டு நிலத்து நீரை எடுப்பதும், அடர்ந்து பிற செடிகளை ஒடுக்குவதும் உண்மை. அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் இருப்பதும் உண்மை.

2017இல் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இச்செடியை அகற்ற உத்தரவிட்டது. 2022இல் தமிழ்நாடு அரசு ஊடுருவும் தாவரங்களுக்கும் சூழல் மீட்புக்குமான கொள்கையை வெளியிட்டது. நோக்கம் சரியானது. ஆனால் பொக்லைன் ஓட்டுநருக்கு முள் எல்லாம் முள்தான். யாரும் அடையாளம் சொல்லித்தராத இடத்தில் வேலிக்காத்தானோடு கருவேலமும் வெள்வேலும் விடத்தலையும் சேர்ந்தே பெயர்ந்துவிடும். வெறுமையான அந்த மண்ணில் முதலில் முளைத்து வருவது மீண்டும் வேலிக்காத்தான்தான்.

ஆஸ்திரேலிய வேல்கள் மூன்றாவது வரவு. அவற்றில் பலவற்றுக்கு உண்மையான இலை நாற்றுப் பருவத்தோடு முடிந்துவிடும். பிறகு இலைக்காம்பே தட்டையாகி இலையின் வேலையைச் செய்யும். நீலகிரியில் 19ஆம் நூற்றாண்டில் விறகுக்காகவும் பின்னர் தோல் பதனிடும் துவர்ப்புக்காகவும் வளர்க்கப்பட்ட வாட்டில் மரங்கள் சோலைப் புல்வெளிகளின் பெரும்பகுதியை விழுங்கிவிட்டன. ஆரோவில் அனுபவம் அப்படியே அதுபோன்றதல்ல. 1968 பிப்ரவரி 28இல் தொடங்கப்பட்ட அந்நகரின் நிலம், திருவக்கரை மேட்டைப் போன்ற அரிப்பெடுத்த செம்மண். மண்ணை நிறுத்த முதலில் ஆஸ்திரேலிய வேல்களை நட்டு, அவற்றின் நிழலில் இம்மண்ணுக்கு உரிய மரங்களை வளர்த்தார்கள். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் அடித்தபோது அந்த முன்னோடி மரங்கள் பெருமளவில் சாய்ந்தன. நட்ட மரம் மண்ணைப் பிடித்துக் கொடுத்தது. ஆனால் இந்தக் கரையின் புயலோடு வாழ அது பழகியிருக்கவில்லை.

இங்கிருந்து போனது

நம் கருவேலம் வெளிநாடு போய் என்ன செய்தது என்பதையும் பார்த்தால்தான் படம் முழுமையாகும். இந்தியக் கருவேலம் 1890களில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக்கு நிழலுக்கும் தீவனத்துக்குமாகப் போனது. ஆடும் மாடும் நெற்றைத் தின்று பரப்ப, 60 லட்சம் ஹெக்டேருக்கு மேற்பட்ட புல்வெளியில் அது பரவிவிட்டது. இன்று அந்நாட்டின் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த களைகளில் அதுவும் ஒன்று. ஜாவாவின் பாலுரான் புல்வெளியிலும் இதே நிலைதான். கியூபாவில் நம் விடத்தலை வயல்களை மூடி நிற்கிறது.

இதில் தமிழ்நாட்டுக்கு நேரடித் தொடர்பு உண்டு. கருவேலத்தை அதன் தாயகத்தில் கட்டுக்குள் வைக்கும் பூச்சிகள் எவை என்று கண்டறிய, குயின்ஸ்லாந்து ஆய்வாளர்களும் கோவையிலுள்ள வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனமும் 2008 முதல் 2011 வரை தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் களத்தேடல் நடத்தினார்கள். இலையைப் பின்னித் தின்னும் புழு, தண்டில் ஒட்டும் செதில்பூச்சி எனப் பலவற்றைப் பதிவு செய்தார்கள். நம் கருவேலம் ஊடுருவாமல் ஏரியோடு ஒடுங்கி வாழ்வதற்கு, அதைத் தின்னும் இத்தனை உயிர்கள் சுற்றி இருப்பதும் ஒரு காரணம். ஆட்டுக்குட்டி முதல் செதில்பூச்சி வரை சேர்ந்ததுதான் வாழிடம். மண்ணும் மழையும் அதில் ஒரு பகுதி மட்டுமே. ஒரு செடி நல்லதா கெட்டதா என்பதை அந்தச் செடியை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது என்பதற்குக் குயின்ஸ்லாந்தும் நீலகிரியும் எதிரெதிர்ச் சான்றுகள்.

முட்காடு பாழ்நிலமா?

இந்தக் கரையோரத்தின் முட்புதர் நிலம் அழிந்த காட்டின் மிச்சமா, தனக்கென்று உரிமை உள்ள நிலவகையா என்பது சூழலியலில் பழைய கேள்வி. காட்டின் மிச்சம் என்பவர்கள் புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டைக் காட்டுவார்கள். வெட்டும் மேய்ச்சலும் குறைந்த அந்த இடத்தில் வீரை, உலக்கைப்பாலை போன்ற பசுமைமாறா மரங்கள் நெருங்கி வளர்கின்றன. செம்மண் மேடுகளை அப்படியே விட்டுவைத்தால் இப்படித்தான் ஆகும் என்பது அவர்கள் வாதம். அதில் பெரும் உண்மை இருக்கிறது.

ஆனால் வேல் நிழலில் வளராத இனம். மூடிய காட்டுக்குள் அதற்கு இடமில்லை. ஏரி நீர் ஏறி இறங்கும் இடத்திலும், உவர்த் தரையிலும், பாறை வெளித்தெரியும் மேட்டிலும், மந்தை நடமாடும் வழியிலும் திறந்த நிலம் எந்தக் காலத்திலும் இருந்திருக்கும். அங்கெல்லாம் வேல் இருந்திருக்கும். அதை நம்பி வாழும் பூச்சியும் குருவியும் முயலும் கௌதாரியும் இருந்திருக்கும். காட்டையும் முட்புதரையும் எதிரிகளாக நிறுத்தத் தேவையில்லை. ஒரே ஊர் எல்லைக்குள் இரண்டுக்கும் இடம் உண்டு. முட்புதர் நிலத்தைத் தரிசு என்று பதிவேட்டில் எழுதிவிட்டால் அதைக் கல்குவாரிக்கோ, மனைப்பிரிவுக்கோ, தைலமரத் தோப்புக்கோ கொடுப்பது எளிதாகிவிடுகிறது. வானூர் வட்டத்தில் இந்த மூன்றையும் கண்ணால் பார்க்கலாம்.

செய்ய வேண்டியவை

முதலாவது, வெட்டுவதற்கு முன் அடையாளம். ஏரியைத் தூர்வாரவும் புறம்போக்கைச் சுத்தம் செய்யவும் உத்தரவு போடும்போது, எந்த மரம் நிற்க வேண்டும் என்று வண்ணம் பூசிக் குறித்த பிறகே இயந்திரம் இறங்க வேண்டும். உருண்டைப் பூ, கதிர்ப்பூ. மணிமாலை நெற்று, நேர் நெற்று. இந்த வேறுபாடுகளை ஊராட்சிப் பணியாளருக்கு ஒரே காலையில் கற்றுத்தந்துவிடலாம்.

இரண்டாவது, நிலத்துக்கு ஏற்ற நடவு. மேட்டுச் செம்மண்ணுக்கு வெள்வேல், உள்வாய்க்குக் கருவேலம், வேலிக்கு விடத்தலையும் இண்டும். அரசு நாற்றங்கால்களில் இவை கிடைத்தால்தான் மக்கள் கேட்பார்கள். விதை சேர்ப்பது கடினமல்ல. வேனிலில் முற்றிய நெற்றைப் பொறுக்கி, விதையைப் பிரித்து, கொதித்து இறக்கிய நீரை ஊற்றி ஓர் இரவு ஊறவைத்தால் கடினத்தோல் இளகும். உப்பிய விதைகளைப் பையில் ஊன்றி, வடகிழக்குப் பருவமழையின் தொடக்கத்தில் நடலாம். ஆட்டுப்பட்டியில் கிடைக்கும் விதை இன்னும் எளிதாக முளைக்கும். முதல் இரண்டு வேனில் அதை ஆட்டிடமிருந்து காத்தால் பிறகு அது தன்னைக் காத்துக்கொள்ளும்.

மூன்றாவது, பதிவு. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்தின்படி ஒவ்வொரு ஊராட்சியும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு வைத்திருக்க வேண்டும். ஆடு மேய்ப்பவரும் மூலிகை அறிந்த இருளரும் கலப்பை செய்த தச்சரும் அறிந்திருப்பது அதில் ஏற வேண்டும். எந்த மேட்டில் எந்த வேல் எப்போது பூக்கிறது, எந்த நெற்றை ஆடு முதலில் தேடுகிறது என்பதை அவர்களைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் இல்லை.

நான்காவது, கல்மரப் பூங்கா. அங்கே வரும் மாணவருக்குக் கல்லாகிப்போன மரத்துக்கு மட்டும் பலகை இருந்தால் போதாது. அந்த மேட்டில் இயல்பாக வளரும் செடிகளுக்கும் தமிழில் பெயர்ப்பலகை வைக்க வேண்டும். இந்நிலப்பகுதியின் பாறைத் தொகுதியில் வேலின் கல்லுருவம் பதிவாகியிருக்கும்போது, உயிருள்ள வேலைப் பற்றி ஒரு வரியாவது அங்கே இருப்பது நியாயம்.

இவை எதற்கும் பெரும் பணம் தேவைப்படாது. வேல் மழை குறைந்தாலும் மண் மெலிந்தாலும் தாக்குப்பிடிக்கும். அதற்குத் தேவை அதன் நிலம்தான். மேட்டைத் தோண்டி விற்று, ஏரியை முள்ளோடு முள்ளாக வழித்துவிட்டு, பிறகு ஏதோ ஒரு மரக்கன்றை நட்டுப் படம் எடுத்துக்கொள்வதால் அந்த நிலம் திரும்பி வராது. வேலிக்காத்தானை எடுக்க வேண்டும். நாட்டு வேலை விட வேண்டும். இரண்டையும் ஒரே நாளில், ஒரே ஊரில், ஒரே ஆட்கள் செய்ய முடியும். அதற்கு முதலில் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் ஊராட்சி மன்றத்துக்கும் இந்தச் செடிகளைப் பெயர் சொல்லி அழைக்கத் தெரிய வேண்டும்.